தாதிகளும் பராமரிப்புத் திட்டமும்

நமது பொது ஆஸ்பத்திரிகளில் தாதிகள் பராமரிப்புத் திட்டத்தை ஒழுங்காக எழுதுவதில்லை என்றும், எழுதினாலும் அதன்படி நடப்பதில்லை என்றும் ஒரு குறை சொல்லப்படுகிறது. குறை உண்மையே. ஆனால் குற்றம் தாதிகளுடையது என்போருடன் நாம் சேர முடியாது.

இத்திட்டம் வீண் எழுத்து வேலையன்று. வைத்தியர் சொன்ன மருந்தைக் கொடுப்பதோடு நில்லாமல், நோயாளியின் நிலையைத் தாதியே ஆராய்ந்து, தேவையை நிர்ணயித்து, செய்யவேண்டியதை வகுத்து, செய்து, பலனையும் சோதிக்கவேண்டும் என்பதே இதன் கருத்து. 1961-ல் அமெரிக்கத் தாதி ஐடா ஜீன் ஆர்லாண்டோ வெளியிட்ட நூல் இம்முறைக்கு அடிகோலியவற்றுள் ஒன்று. நம் மாணவிகளும் இதைப் பயின்றே தேறுகிறார்கள்.

பயின்றதைச் செய்ய வார்டில் இடமுண்டா? அசையமுடியாத நோயாளிக்குப் படுக்கைப் புண் வராதிருக்க, இரண்டு மணிக்கொரு தரம் அவரைப் புரட்டிப் படுக்கவைக்கவேண்டும் என்று திட்டத்தில் எழுதுவது வழக்கம். அத்தகையோர் பத்துப் பேர் இருந்து, ஆளுக்கு 5 நிமிஷமானால், 120 நிமிஷத்தில் 50 நிமிஷம் அதற்கே போய்விடுகிறது. கனத்த சரீரமானால் துணைக்கு இன்னொருவரும் வேண்டும். ஊசி, குளுகோஸ், ஜுரக் கணக்கு, நடுநிசியில் வந்து சேரும் புது நோயாளி ஆகியவற்றை எந்த நேரத்தில் கவனிப்பது? நாற்பது படுக்கைகளுக்கு ஒரே தாதி இரவு முழுவதும் நிற்பது நம் ஆஸ்பத்திரிகளில் அதிசயமன்று. விடியற்காலையில் அவர் ஞாபகத்திலிருந்து தாளை நிரப்புகிறார். மேற்பார்வைக்கு வருவோர் தாளைப் பார்க்கிறார்களேயன்றி நோயாளியின் முதுகைப் பார்ப்பதில்லை. வைத்தியர்களில் பலர் தாளையும் பார்ப்பதில்லை.

போதனா ஆஸ்பத்திரிகளில் 3 படுக்கைகளுக்கு ஒரு தாதி, மற்றவற்றில் 5 படுக்கைகளுக்கு ஒரு தாதி என்று இந்திய நர்ஸிங் கவுன்ஸில் விதித்திருக்கிறது. விதி ஏட்டில் பத்திரமாக இருக்கிறது! தமிழ்நாட்டில் 2015-ல் பரீட்சை எழுதித் தேறிய தாதிகளை மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சர்க்கார் நியமித்தது; நிரந்தர உத்தியோகம் கேட்டு அவர்கள் 2017 நவம்பரில் சென்னையில் கூடிப் போராட நேர்ந்தது. நாளை வேலை உண்டோ என்று கலங்குவோரிடம் நோயாளியின் நாளைக்குத் திட்டம் எங்கே என்று அதட்டுவது எந்த நியாயம்?

ஒவ்வோர் ஆஸ்பத்திரியிலும் எத்தனை படுக்கைகள், இரவில் எத்தனை தாதிகள் என்ற கணக்கைச் சர்க்கார் பகிரங்கப்படுத்தட்டும். காலி ஸ்தானங்களை நிரந்தரமாகப் பூர்த்தி செய்யட்டும். அதுவரை, தாள் நிரம்பவில்லையென்று எந்தத் தாதிக்கும் மெமோ கொடுக்கலாகாது.