சோடாக்கடை கார்டியாலஜி

செப்டம்பர் 29 வந்தால் போதும், இதய தினம் என்று வெள்ளை டி-ஷர்ட் மாட்டிக்கொண்டு கடற்கரையில் நடக்கக் கிளம்பிவிடுகிறார்கள். எங்கள் பக்கமும் கடல்தான். எண்ணூர் விரைவுச்சாலையில் ஒரு நாள் நடந்து காட்டுங்களேன் என்று கூப்பிட்டுப் பார்க்கிறேன், யாரும் வருவதாயில்லை. துறைமுகத்துக்குள் நுழையக் காத்துக்கிடக்கும் கண்டெய்னர் லாரிகள், அவற்றின் நிழலில் ஸ்டவ் பற்றவைத்துக் குழம்பு கூட்டும் டிரைவர்கள், பின்னால் கத்திக்கொண்டே நிற்கும் ஆம்புலன்ஸ்... “மறுபடியும் லாரியா?” என்று வழக்கமான வாசகர்கள் பக்கத்தைப் புரட்ட வேண்டாம். நிறுத்திக்கொண்டேன்.

பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுவோம். 2023-ல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், நெஞ்சுவலி என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு அங்கேயே 14 மாத்திரை: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8. ரத்தக் கட்டி மேலும் வளராமல் தடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். சின்ன ஆஸ்பத்திரிகளைப் பெரியவற்றோடு கோத்தால் உயிர் பிழைப்பது கூடும் என்பதும் தமிழ்நாட்டிலேயே பார்த்ததுதான். 2012-14-ல் 2,420 மாரடைப்பு நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், ஓராண்டுக்குள் இறப்பவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள்.

இதெல்லாம் ஆஸ்பத்திரி வாசலை மிதித்தவருக்கு. எங்கள் ஊரில் நெஞ்சைப் பிடித்தால் முதலில் மிதிப்பது சோடாக்கடை வாசலை.

“இன்னா நைனா, கேஸா? லெமன் சோடா உப்பு போட்டு அடி, ஏப்பம் வந்தா சரியாப்பூடும்.”

ஏப்பமும் வரும். கொஞ்சம் தேவலை போலவும் இருக்கும். கட்டி அடைத்த குழாய்க்குப் பின்னால் இதயத்தசை செத்துக்கொண்டிருப்பது ஏப்பத்துக்குத் தெரியாது.

அறியாமை என்று சொல்லிவிடாதீர்கள். “வேர்த்துக் கொட்டுகிறதா?” என்பார் டாக்டர். மணலியில் பாய்லர் பக்கம் ஷிஃப்ட் முழுக்க நிற்பவருக்கு எந்த வேர்வை எதனால் என்று எப்படித் தெரியும்? “இடது கை வலிக்கிறதா?” காசிமேட்டில் விடிய விடிய மீன்கூடை தூக்கியவருக்கு எந்தக் கைதான் வலிக்காது? பாடப்புத்தகம் எச்சரிக்கை என்று எழுதிவைத்ததெல்லாம் இங்கே அன்றாட உடம்பு.

தெரிந்தாலும் போக முடியாது. ஒப்பந்தக் கூலிக்காரர் பாதி ஷிஃப்டில் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. மறுநாள் அந்த இடத்தில் வேறு ஆள் நிற்பார். சோடா மலிவு, பக்கத்திலேயே கிடைக்கிறது, மேஸ்திரியிடம் அனுமதி கேட்க வேண்டாம். கணக்குப் போட்டுத்தான் குடிக்கிறார்கள்.

ஆகவே விழிப்புணர்வு நோட்டீஸை முதலில் சோடாக்கடைக்காரர் கையில் கொடுங்கள். நெஞ்சைத் தடவிக்கொண்டு வருபவருக்கு பாட்டிலைத் திறக்கும் முன் 108-ஐக் கூப்பிடட்டும். அப்புறம், சிகிச்சையை மேம்படுத்தக் கமிட்டி கூட்டினால், அதில் டாக்டர்களுக்குப் பக்கத்தில் மேஸ்திரிக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். இசிஜி எடுக்கப் போனவருக்குக் கூலி பிடிக்க மாட்டேன், ஆளையும் மாற்ற மாட்டேன் என்று எழுதி வாங்குங்கள். அந்தக் கையெழுத்து இல்லாதவரை, 14 மாத்திரையும் சுகாதார நிலைய அலமாரியில்தான் இருக்கும்.