ஹைகோர்ட்டில் தமிழ்

நீதி நடந்தால் மட்டும் போதாது, அது நடப்பது ஜனங்களின் கண்ணுக்கும் தெரியவேண்டும் என்பது ஆங்கிலச் சட்டத்தின் புகழ்பெற்ற கொள்கை. நம் வக்கீல்கள் இதை அடிக்கடி எடுத்தாள்கிறார்கள். கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் போதுமா? காதுக்கும் விளங்கவேண்டாமா என்று நாம் கேட்கிறோம்.

சென்னை ஹைகோர்ட் 1862-ம் வருஷத்தில் ஏற்பட்டது. அன்றுதொட்டு அங்கே வாதமும் தீர்ப்பும் ஆங்கிலத்திலேயே நடந்து வருகின்றன. தன் நிலத்தையோ உயிரையோ பற்றிய வழக்கில், கக்ஷிக்காரன் ஊமைபோல் நிற்கிறான். விசாரணை முடிந்ததும் குமாஸ்தாவிடம் சென்று, நடந்தது என்னவென்று கேட்டறிகிறான். 2004-ல் மதுரைக் கிளை திறக்கப்பட்டபோது தென் ஜில்லாக்காரர்களுக்குப் பிரயாண தூரம் குறைந்தது. பாஷையின் தூரமோ குறையவில்லை.

அரசியல் சட்டத்தின் 348-வது விதி இதற்கு வழியை அடைத்துவிடவில்லை. ஜனாதிபதியின் முன்சம்மதம் பெற்று, மாகாணத்தின் ஆட்சி மொழியை ஹைகோர்ட் நடவடிக்கைகளில் வழங்கக் கவர்னர் அனுமதிக்கலாம். இவ்வழியே ராஜஸ்தானில் 1950-லும், உத்தரப் பிரதேசத்தில் 1969-லும், மத்தியப் பிரதேசத்தில் 1971-லும், பீகாரில் 1972-லும் ஹிந்தி அனுமதிக்கப்பட்டது. தமிழுக்காக நம் சட்டசபை 2006-ல் தீர்மானம் நிறைவேற்றியது. சுப்ரீம் கோர்ட்டு இணங்கவில்லை. 2012-லும் அதே பதில்தான் கிடைத்தது. ஹிந்திக்குத் திறந்த கதவு தமிழுக்கு மட்டும் ஏன் அடைபடவேண்டும்? இதற்கு நியாயமான விடை எதுவும் நமக்குப் புலப்படவில்லை.

2024 ஜூலை முதல் மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் அமலில் இருக்கின்றன. அடிமைக்காலத்துச் சின்னங்களைக் களைவதற்கே அவற்றுக்கு வடமொழிப் பெயர்கள் சூட்டப்பட்டனவாம். பெயரை மாற்றத் துணிந்தவர்கள், ஹைகோர்ட்டில் அச்சட்டங்களின் கீழ் நடக்கும் விசாரணை ஜனங்களுக்கு விளங்கவேண்டும் என்று எண்ணினார்களில்லை. எந்தச் சின்னம் உண்மையில் பெரியது?

ஆங்கிலத்தின் பக்தர்கள் இங்கிலாந்தின் சரித்திரத்தைச் சற்றே புரட்டிப் பார்ப்பது நலம். அங்கும் கோர்ட்டுகளில் ஒரு காலத்தில் பிரெஞ்சு பாஷையே கோலோச்சியது. அது ஜனங்களுக்கு விளங்கவில்லை என்ற காரணத்தைச் சொல்லியே, 1362-ல் ஆங்கிலத்தில் வாதிடவேண்டுமென்று அந்நாட்டார் சட்டம் செய்தார்கள். ஆங்கிலேயனுக்கு ஆறு நூற்றாண்டுக்கு முன்பே நியாயமாகப் பட்டது, தமிழனுக்கு இன்று அநியாயமாகிவிடுமா?

வேற்று மாகாணத்து நீதிபதிகள் வருகிறார்களே என்பார்கள். உண்மை. தமிழுக்கு அனுமதி தருவதால் ஆங்கிலம் வெளியேற்றப்படுவதில்லை. தமிழறியாத நீதிபதியின் முன் ஆங்கிலமே வழங்கட்டும். இருதரப்பாரும் நீதிபதியும் தமிழர்களாக இருக்கும் இடத்தில் அந்நிய பாஷை எதற்கு? சட்டச் சொற்கள் தமிழில் இல்லை என்பது வெறும் சாக்கு. மாயூரம் முனிசீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை, ஹைகோர்ட் ஏற்பட்ட அக்காலத்திலேயே சதர் கோர்ட்டுத் தீர்ப்புகளைத் தமிழில் பெயர்த்தார். 1879-ல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திர'த்தில், கோர்ட்டுகளில் தமிழைத் தள்ளிவைக்கும் வழக்கத்தைக் கண்டித்தும் எழுதினார்.

டில்லியைக் குறை கூறுவதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. 1956-ம் வருஷத்து ஆட்சிமொழிச் சட்டம் 1976-ல் திருத்தப்பட்டு, கீழ்க்கோர்ட்டுகளில் தமிழுக்கு இடம் ஏற்பட்டது. அங்கே எந்த ஜனாதிபதியின் சம்மதமும் வேண்டியதில்லை. அப்படியிருந்தும் பிராதை ஆங்கிலத்தில் எழுதும் வக்கீல்கள் இன்னும் இருக்கிறார்கள். விளங்காத பாஷையில் பேசினால் மதிப்பும் பீஸும் உயரும் என்ற எண்ணம் அவர்களை விட்டு நீங்கவில்லை. மேடையில் தமிழை வாழ்த்திவிட்டு, மறுநாள் காலை தாலூகா முனிசீப் கோர்ட்டில் அதே தமிழைத் தீண்டாமல் ஒதுக்குகிறவரின் வாழ்த்தினால் யாருக்கு என்ன பயன்?

சட்டசபை மீண்டும் தீர்மானிக்கட்டும்; பார்லிமெண்டு அங்கத்தினர்கள் கட்சி பேதமின்றி வற்புறுத்தட்டும். அதுவரை காத்திராமல், கீழ்க்கோர்ட்டு வக்கீல்கள் தங்கள் கையிலுள்ள உரிமையை நாளைக்கே பயன்படுத்தட்டும். இருக்கிற உரிமையை உபயோகிக்காதவர்கள் இல்லாத உரிமையைக் கேட்டால், கேட்கிறவர் சிரிப்பார். தன் வழக்கைத் தன் காதால் கேட்டு உணரும் குடிமகனே சட்டத்தை மதிப்பான். அந்த மதிப்பில்லாமல் ஜனநாயகம் நிலைக்காது.