மிகுபுனைவு எழுத்தாளர், வாசகர் கொள்கைப் பிரகடனம்

தமிழில் மிகுபுனைவு எழுதுகிற, வாசிக்கிற நாங்கள் கூடி அறிவிப்பது: ஒரு புத்தகத்தை இன்னொரு புத்தகத்தின் பெயரைச் சொல்லி விற்கக் கூடாது.

'தமிழின் ஹாரி பாட்டர்' என்று பதிப்பாளருக்கு நாம் எழுதும் கடிதத்தில் தொடங்குகிற பழக்கம், பின்னட்டையில் போய் நிற்கிறது. வாங்குபவர் ஹாரி பாட்டரைத் தேடுகிறார். அது அங்கே இல்லை. பழி நாவலின் மேல் விழுகிறது.

அந்த ஹாரி பாட்டரையே பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. புளூம்ஸ்பரி பதிப்பகத் தலைவரின் எட்டு வயது மகள் தொடக்கத்தைப் படித்துவிட்டு மீதியைக் கேட்டாள். அதன்பிறகே வழி பிறந்தது. 1936இல் டோல்கீனின் 'ஹாபிட்' கைப்பிரதியைப் படித்துக் கருத்து எழுதியவன் பதிப்பாளர் ஸ்டான்லி அன்வினின் பத்து வயது மகன் ரேய்னர். கூலி ஒரு ஷில்லிங். அதே ரேய்னர் வளர்ந்தபின், ஆயிரம் பவுண்டு நட்டம் வரலாம் என்று தெரிந்தே 'லார்டு ஆஃப் த ரிங்ஸ்' நாவலை ஏற்றார். இவர்கள் எல்லாரும் முதலில் படித்தார்கள். நாங்கள் கேட்பதும் அதைத்தான்.

ஒரே நாவலாக எழுதப்பட்ட 'லார்டு ஆஃப் த ரிங்ஸ்', செலவையும் விலையையும் கருதி 1954, 1955இல் மூன்று நூல்களாக வந்தது. அந்த வரவுசெலவுக் கணக்கு இன்று இவ்வகைக் கதைகளுக்கே இலக்கணமாகிவிட்டது. எத்தனை பாகம் என்பதை எங்கள் கதை முடிவு செய்யும்.

விற்பனைக்காக உண்மையை மறைப்பதையும் எதிர்க்கிறோம். உர்சுலா லெ குவின் 1968இல் படைத்த நாயகன் கெட் செம்பழுப்பு நிறத்தவன். பல பதிப்புகளின் அட்டை அவனை வெள்ளையனாக்கியது. பெண் எழுதியதைப் பையன்கள் வாங்கமாட்டார்கள் என்று அஞ்சி, ஹாரி பாட்டரை எழுதிய ரோலிங்கின் பெயரை முதலெழுத்துகளுக்குள் ஒளித்தார்கள்.

எழுத்தாளர்களாகிய நாங்கள் இனி எங்கள் உலகத்தையே எடுத்துச் சொல்வோம்: அங்கே மந்திரத்துக்கு என்ன விலை, அதைக் கொடுக்கப்போவது யார், கைப்பிரதி எத்தனை பக்கம். முடிக்காத தொடரை முடித்ததாகச் சொல்லமாட்டோம்.

பதிப்பாளர்களே, மூன்று அத்தியாயமாவது படியுங்கள். வேண்டாம் என்றால் அதை எழுதி அனுப்புங்கள். அச்சுச் செலவை எழுத்தாளர் தலையில் கட்டாதீர்கள். ராயல்டியை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அட்டை வரையும் ஓவியருக்கு நாவலைப் படிக்கக் கொடுங்கள். முதல் பாகம் என்றால் அட்டையிலேயே அச்சிடுங்கள். கதை பாதியில் நிற்பது வாசகருக்கு வீட்டுக்குப் போனபின் தெரியக் கூடாது.

வாசகர்களே, புத்தகக் கண்காட்சியில் பின்னட்டையை விட்டுவிட்டு முதல் பக்கத்தைப் படித்துப் பாருங்கள். பிடித்தால் வாங்குங்கள். நண்பருக்குச் சொல்லும்போது அந்த நாவலை அதன் சொந்தப் பெயரால் சொல்லுங்கள்.