இடம் இருக்கிறது, ஏன் ஏறவில்லை?

தீபாவளிக்கு மறுநாள் கிள்ளானில் அண்ணன் வீட்டில் எல்லாரும் கூடியிருந்தோம். அண்ணன் மகளின் திருமணக் காணொளியைப் பெரிய தொலைக்காட்சியில் பார்க்க வேண்டும் என்றார் பெரியம்மா. இரண்டு மணி நேரக் காணொளி, 9 ஜிபி. மடிக்கணினியில் இருந்தது. பெரியம்மாவே தம் கைப்பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்துக் கொடுத்தார். அது 32 ஜிபி, முக்கால்வாசி காலி. இருந்தும், 'கோப்பு மிகப் பெரியது' என்று சொல்லிக் கணினி மறுத்துவிட்டது.

"ஃபார்மேட் பண்ணினா சரியாயிடும் சித்தப்பா" என்றான் அண்ணன் மகன். செய்தான். சரியாகிவிட்டது. படமும் ஓடியது. கடைசியில் பெரியம்மா கேட்டார்: "அதுலதான் உங்க பெரியப்பா தோட்டத்துக் கதை சொல்ற வீடியோவும் இருக்கு. அதையும் போடுய்யா."

யாரும் பேசவில்லை. பெரியப்பா இப்போது இல்லை.

பையன் சொன்ன தீர்வு தவறல்ல, அதற்கு முன் செய்ய வேண்டிய ஒன்றைத்தான் நாங்கள் யாரும் செய்யவில்லை. உங்கள் வீட்டில் இது நடக்கக்கூடாது என்பதற்காக இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

கோப்பு ஏறாததற்குக் காரணம் இடப் பற்றாக்குறை அல்ல. பென்டிரைவுக்குள் கோப்புகளை அடுக்கிவைக்க ஒரு முறை உண்டு. சிறிய பென்டிரைவுகள் பலவும் ஃபேட்32 என்ற முறையில்தான் கடைக்கு வருகின்றன. 1996-இல் வந்த இந்த முறை ஒரு கோப்பின் அளவை 32 பிட்டுகளில் குறித்துவைக்கிறது. அதில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் ஏறக்குறைய 429 கோடி. அதனால் 4 ஜிபிக்கு மேற்பட்ட எந்த ஒரு கோப்பும் அதில் ஏறாது. ஆயிரம் சிறிய படங்கள் ஏறும், ஒரு திருமணக் காணொளி ஏறாது.

உங்கள் பென்டிரைவ் எந்த முறையில் இருக்கிறது என்று பார்ப்பது எளிது. விண்டோஸ் கணினியில் அதன் மேல் வலது சொடுக்குப் போட்டு 'ப்ராப்பர்ட்டீஸ்' பகுதியைத் திறந்தால் 'ஃபைல் சிஸ்டம்' என்ற இடத்தில் தெரியும்.

ஃபேட்32 என்றிருந்தால், முதலில் அதில் உள்ள எல்லாவற்றையும் கணினிக்கு நகலெடுங்கள். நகலெடுத்ததைத் திறந்து, ஓடுகிறதா என்றும் பாருங்கள். அதன் பிறகே 'ஃபார்மேட்' அழுத்தி எக்ஸ்ஃபேட் என்பதைத் தேர்வு செய்யுங்கள். 2006-இல் வந்த இந்த முறையில் 4 ஜிபி தடை இல்லை. விண்டோஸ், மேக் இரண்டிலும் எழுதலாம், படிக்கலாம்.

பழைய தொலைக்காட்சிகளும் மீடியா பிளேயர்களும் சில எக்ஸ்ஃபேட்டைப் படிக்காது. அவற்றில் பல என்டிஎஃப்எஸ் முறையைப் படிக்கும். கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் இல்லையென்றால், எம்கேவிடூல்நிக்ஸ் என்ற இலவச மென்பொருளால் காணொளியை 4 ஜிபிக்குக் குறைவான துண்டுகளாகப் பிரிக்கலாம். தரம் குறையாது. ஹேண்ட்பிரேக் மூலம் அளவையே சுருக்கலாம், ஆனால் நேரம் பிடிக்கும், தரமும் கொஞ்சம் குறையலாம். அவசரத்துக்கு எச்டிஎம்ஐ கம்பியால் மடிக்கணினியைத் தொலைக்காட்சியில் இணைத்துவிட்டால் நகலெடுக்கும் வேலையே இல்லை. அன்று எங்களுக்கு அதுவே போதுமாயிருந்திருக்கும்.

இன்னொன்று, நகல் முடிந்தது என்று திரையில் தெரிந்ததும் வெடுக்கென்று பிடுங்காதீர்கள். கடைசிப் பகுதி இன்னும் எழுதப்பட்டுக்கொண்டிருக்கலாம். 'இஜெக்ட்' கொடுத்துவிட்டு எடுங்கள். மலிவான பென்டிரைவ் வினாடிக்கு 10 எம்பி வேகத்தில் எழுதினால் 9 ஜிபிக்குக் கால் மணி நேரம் ஆகும். விருந்தினர் வந்து உட்கார்ந்த பிறகு தொடங்காமல், முதல் நாள் இரவே செய்து வையுங்கள்.

தவறிப்போய் ஃபார்மேட் செய்துவிட்டீர்களா? அதில் எதையும் புதிதாக ஏற்றாதீர்கள். விரைவு முறையில் ஃபார்மேட் செய்யும்போது பெரும்பாலும் அட்டவணைதான் அழிகிறது, கோப்புகள் உள்ளேயே இருக்கும். ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருளால் மீட்கலாம். மேலே புதிய கோப்பை எழுதிவிட்டால் அந்த இடத்தில் இருந்தது போனதுதான்.

நாங்கள் 9 ஜிபியை மேலே எழுதிவிட்டோம். பெரியப்பா பேசியது ஐந்து சிறு காணொளிகள். இரண்டுதான் திரும்பக் கிடைத்தன. அவற்றை இப்போது மூன்று வீடுகளில் தனித்தனியாக வைத்திருக்கிறோம்.

உங்கள் வீட்டிலும் ஒரே ஒரு பென்டிரைவில் மட்டும் இருக்கும் குரல் ஏதாவது உண்டா? இந்த வாரக் கடைசியில் அதற்கு இன்னொரு நகல் எடுத்துவிடுங்கள்.