பிரேக் போட்டதும் வண்டி நின்றுவிடுமா?

விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் பேருந்து, மகேந்திரவர்மனின் குடைவரைக் கோயில் உள்ள மண்டகப்பட்டை நெருங்குகிறது என வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது அதன் வேகம். ‘செஞ்சியை நோக்கி’ என்று திசையையும் சேர்த்தால் அது திசைவேகம். ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கிறார், திசைவேகம் குறைகிறது. திசைவேகம் மாறும் வீதமே முடுக்கம். இங்கே அது ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் இருப்பதால் எதிர்முடுக்கம்.

இதை ஒப்பித்தால் மதிப்பெண் கிடைக்கும். ஆனால் அது போதாது என்பேன். ஒரு கணக்குப் போடுங்கள். பிரேக் பிடித்தபின் வேகம் ஒவ்வொரு நொடியும் நொடிக்கு 5 மீட்டர் வீதம் குறைவதாகக் கொள்வோம். 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஏறக்குறைய 7 மீட்டர் ஓடி நிற்கும். 60 கிலோமீட்டர் என்றால்? 14 அல்ல, 28 மீட்டர்! நிற்க ஆகும் நேரமும் இருமடங்கு, சராசரி வேகமும் இருமடங்கு. ஆகவே தூரம் நான்கு மடங்கு. ஓட்டுநர் மிதிக்க ஒரு நொடி தாமதித்தால் இன்னும் 17 மீட்டர் கூடும்.

சாலையைக் கடக்கும்போது, ‘வண்டி தொலைவில்தானே வருகிறது’ என்று எண்ணிவிடாதீர்கள். அதன் வேகத்தையும் பாருங்கள். முடுக்கப் பாடம் உயிர் காக்கும் இந்தக் கணக்கிலிருந்தே தொடங்கட்டும்!