‘எப்பவும் போல இல்லை’ என்று ஒரு தாய் சொன்னால்

மனத்தில் திடீரென்று எழும் ஓர் எச்சரிக்கை உள்ளுணர்வின் குரலா, காரணமற்ற கலக்கமா என்று கண்டுகொள்ள விரும்புகிறவர்கள், பெரும்பாலும் அந்த உணர்ச்சியின் வேகத்தை அளந்து பார்ப்பதிலேயே தங்கள் பிரயாசையைச் செலவிட்டுவிடுகிறார்கள். உள்ளுணர்வு சாந்தமாகப் பேசும் என்றும், படபடப்பெல்லாம் பயத்துக்கே உரியது என்றும் ஒரு சுலபமான இலக்கணம் நம்மிடையே வழங்கி வருகிறது. அதை நான் ஒப்புக்கொள்வதற்கில்லை. தன் குழந்தைக்கு ஆபத்து நெருங்கிவிட்டது என்பதைச் சரியாகவே அறிந்துகொண்ட ஒரு தாய், கைகால் நடுங்கி, தொண்டை அடைத்து, வார்த்தை குழறித்தான் வைத்தியர் முன் நிற்பாள். வருஷக்கணக்காகப் பழகிப்போன ஒரு பயமோ, பதற்றத்தின் சாயல்கூட வெளியே தெரியாமல், ‘எனக்கு என்னவோ மனசு ஒப்பவில்லை’ என்று நிதானமாகத் தீர்ப்புச் சொல்லி, ஒரு பெண்ணின் வெளியூர் உத்தியோகத்தையே நிறுத்திவிடும். ஆகையால், உணர்ச்சி எவ்வளவு உரக்கப் பேசுகிறது என்பதை விட்டுவிட்டு, எந்த அனுபவத்திலிருந்து பேசுகிறது என்று விசாரிப்பதே தக்க வழி என்பது என் அபிப்பிராயம். அந்த விசாரணையின் முக்கியத்துவம் மிகத் தெளிவாகப் புலப்படும் இடம், நோயுற்ற குழந்தையின் படுக்கையருகே.

அமெரிக்க மனோதத்துவ அறிஞரான காரி கிளைன், தீயணைப்புப் படைத் தலைவர்களும் செவிலியரும் நொடிப்பொழுதில் செய்யும் தீர்மானங்களைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தவர். குறைமாதத்தில் பிறந்த ஒரு சிசுவைப் பற்றி அவர் எழுதியிருக்கும் சம்பவம் ஒன்று என் மனத்தை விட்டு அகலவில்லை. அச்சிசுவைக் கவனித்துக்கொண்டிருந்தவள் பயிற்சியில் இருந்த ஒரு செவிலி. இரத்தப் பரிசோதனைக்காகக் குதிகாலில் குத்திய இடம் இன்னும் கசிந்துகொண்டிருந்ததை அவள் பார்த்தாள். உடம்பின் சூடு சிறிது சிறிதாகத் தணிந்து வந்ததைக் கண்டு இன்குபேட்டரின் வெப்பத்தைச் சற்றுக் கூட்டி வைத்தாள். குழந்தை கொஞ்சம் மந்தமாக இருந்ததும் அவள் கண்ணுக்குத் தப்பவில்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஒரு சமாதானம் இருந்தது. அந்தப் பக்கம் வந்த மூத்த செவிலி, குழந்தையின் நிறம் மாறித் தோலில் திட்டுத் திட்டாகத் தெரிவதையும், வயிறு லேசாக உப்பியிருப்பதையும், கசியும் குதிகாலையும் ஒரே பார்வையில் சேர்த்துக் கண்டு, உடனே வைத்தியரை அழைத்தாள். இரத்தத்தில் தொற்றுப் பரவி உடம்பு முழுவதையும் தாக்கும் ‘செப்சிஸ்’ அது. மருந்து காலத்தில் செலுத்தப்பட்டது; சோதனைக்கூடத்தின் முடிவு பின்னால் வந்துதான் அவள் அறிந்ததை உறுதி செய்தது.

இத்தகைய செவிலியரிடம், ‘இது உங்களுக்கு எப்படித் தெரிந்தது?’ என்று கேட்டால், ‘பார்த்தவுடனே மனசுக்குப் பட்டது’ என்பதற்குமேல் அவர்களால் விளக்க முடிவதில்லை. கிளைனின் சகாவான பெத் கிராண்டல் என்ற பெண்மணி அந்தப் பதிலோடு திருப்தியடைந்துவிடாமல், நடந்த சம்பவங்களை ஒவ்வொன்றாக நினைவுகூரச் செய்து, எதைப் பார்த்தீர்கள், அதற்கு முன் எப்படி இருந்தது என்று பொறுமையோடு கேட்டுக்கொண்டே போனார். ‘மனசுக்குப் பட்டது’ என்பதன் உள்ளே நுட்பமான அடையாளங்களின் நீண்ட வரிசையே இருந்தது என்பது அப்போது வெளிப்பட்டது. அவற்றுள் சில, அன்றைய பாடப்புத்தகங்களில் இடம்பெறாதவை. சில, பெரியவர்களுக்குத் தொற்று வரும்போது காணும் குறிகளுக்கு நேர்மாறானவை. பட்சி சொல்லுகிறது என்று நாம் சொல்லும் பட்சி, ஆயிரம் தொட்டில்களைக் கண்ணால் கண்டு பழகிய பட்சியாக இருந்தால், அதன் சொல்லுக்கு மதிப்புண்டு. வள்ளுவர் குறிப்பறிதலைப் பொருட்பாலில் அமைச்சருக்குரிய தகுதிகளோடு சேர்த்து வைத்திருப்பதை நினைக்கும்போது, அதை அவர் பயின்று பெறவேண்டிய ஆற்றலாகவே கருதினார் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தக் கிளைனும், உள்ளுணர்வின்மேல் பெரிதும் சந்தேகம் கொண்டவரும் 2002இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவருமான டேனியல் கானிமனும், எதிரெதிர்க் கட்சியினராக இருந்தும் சேர்ந்து ஆராய்ந்து, 2009இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உள்ளுணர்வை நம்பலாம் என்பதற்கு அவர்கள் இரண்டு நிபந்தனைகள் விதித்தார்கள். அந்தத் துறையில் அறிகுறிக்கும் விளைவுக்கும் இடையே ஓர் ஒழுங்கு இருக்கவேண்டும். அந்த ஒழுங்கை நெடுநாள் பழகி, தன் கணிப்பு பலித்ததா பொய்த்ததா என்பதை அவ்வப்போது தெரிந்துகொள்ளும் வாய்ப்பும் மனிதனுக்கு இருக்கவேண்டும். கலக்கம் தோற்றுப்போவது பெரும்பாலும் இந்த இரண்டாவது நிபந்தனையில்தான் என்று நான் நினைக்கிறேன். பயந்தவன் தவிர்க்கிறான், தவிர்த்தபின், பயந்தது நடந்திருக்குமா என்பது அவனுக்கு ஒருநாளும் தெரிவதில்லை. வெளியூருக்கு அனுப்பப்படாத பெண் வீட்டில் சௌக்கியமாக இருக்கிறாள் என்பதையே தங்கள் உள்மனசு சொன்னது சரிதான் என்பதற்குச் சாட்சியமாக வீட்டார் எடுத்துக்கொள்கிறார்கள். பரீட்சைக்கே உட்படாத ஒரு பயம் இவ்வாறு வருஷத்துக்கு வருஷம் அனுபவத்தின் வேஷத்தைத் தரித்துக்கொண்டு வளர்கிறது. ஓயாக் கவலை நோயால் வருந்தும் 29 பேரைத் தங்கள் கவலைகளை எழுதிவைக்கச் செய்து, அவை பலித்தனவா என்று பின்னர் சரிபார்த்த ஓர் அமெரிக்க ஆய்வு 2020இல் வெளிவந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றொரு பங்குக்கு மேற்பட்ட கவலைகள் நடக்கவே இல்லை. எழுதி வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்ததால்தான் அவர்களுக்கு அது தெரிந்தது என்பதைக் கவனிக்கவேண்டும்.

ஆனால், பெரும்பாலான கவலைகள் பொய் என்பதைக் கற்றுக்கொண்டவர்கள், அந்தப் பாடத்தைக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வரும் தாயிடம் பிரயோகிக்கும்போது நேரும் அநியாயத்தைத்தான் நான் இங்கே முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பிரதேசத்தில் ஆன் வான் டென் புரூல் முதலானோர் நடத்தி, 2012இல் பிரிட்டிஷ் மருத்துவ சஞ்சிகையில் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று உண்டு. பரிசோதித்துப் பார்த்து, ‘கடுமையான நோய் ஒன்றுமில்லை’ என்று வைத்தியர்கள் மதிப்பிட்ட குழந்தைகளும் சிறுவர்களும் அதில் 3369 பேர். அவர்களில் 6 பேர் பின்னால் கடுந்தொற்றோடு ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். பரிசோதனையின் முடிவு எப்படி இருந்தாலும், ஏதோ சரியில்லை என்று மனசுக்குப் படுகிறதா என்று அந்த வைத்தியர்களிடம் தனியே கேட்கப்பட்டிருந்தது. அவ்வாறு பட்டதை மதித்து நடந்திருந்தால், அந்த 6 பேரில் 2 பேரைத் தவறவிடாமல் காத்திருக்கலாம்; அதற்கு ஈடாக, 44 குழந்தைகளின் விஷயத்தில் வீணாகக் கவலைப்பட்டிருக்க நேரும். மற்ற நால்வரையும் அந்த மனக்குறிப்பும் காட்டிக்கொடுத்திராது என்பதால், உள்ளுணர்வைச் சர்வக்ஞம் என்று கொண்டாட இதில் இடமில்லை. எனினும், இரண்டு குழந்தைகளுக்காக 44 குழந்தைகளை மறுநாளும் ஒருமுறை பார்ப்பது அதிகமான விலை என்று சொல்லும் மனம் எனக்கு இல்லை.

அந்த வைத்தியர்களின் மனத்தில் அக்குறிப்பை எழுப்பியவை எவை என்பது இன்னும் சிந்திக்கத்தக்கது. குழந்தை துவண்டு கிடப்பது, முகங்கொடுத்துச் சிரிக்காதது, மூச்சு விடும் விதம், எடைக் குறைவு, வலிப்பு ஆகியவற்றோடு, சூழ்நிலையைச் சார்ந்தவற்றுள் எல்லாம் வலிமையாக நின்றது பெற்றோரின் ஒரு வார்த்தை: இதற்கு முன் வந்த நோய்களைப் போல இது இல்லை என்று அவர்கள் சொன்னது. நம் ஊர் அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நெடுநேரம் நின்று, உள்ளே போனதும் கிடைக்கும் இரண்டொரு நிமிஷத்தில், ‘எப்பவும் போல இல்லீங்க டாக்டர், காய்ச்சல் வந்தாலும் இவன் விளையாடிட்டுத்தான் இருப்பான்’ என்று ஒரு தாய் சொல்வாளே, அதே வார்த்தைதான். அவளுடைய சொல்லில் ஓர் ஒப்பீடு இருக்கிறது. இவனுடைய பழைய காய்ச்சல்கள் எல்லாம் அவள் நினைவில் வரிசையாக நிற்க, அவற்றோடு இன்றையதை வைத்துப் பார்த்து, பொருந்தாததைப் பொருந்தவில்லை என்கிறாள். வியாகுலம் பிடித்த மனம் இப்படி ஒப்பிடுவதில்லை. ஒவ்வொரு தும்மலுக்கும் அதே கேள்வி, அதே நடுக்கம், எவ்வளவு ஆறுதல் கிடைத்தாலும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். நேற்றைய ஜுரத்துக்கும் இன்றைய ஜுரத்துக்கும் என்ன பேதம் என்று கேட்டால், அதனிடம் விடை இராது.

தலைப்பிள்ளை பெற்றவளுக்கு ஒப்பிட்டுப் பார்க்க முந்தைய காய்ச்சலே இராது என்பதை நான் மறக்கவில்லை. அவளுடைய பயத்துக்கு அனுபவம் துணை நிற்பதில்லை. ஆனாலும், பால் குடிக்கும் வேகத்தையும் அழுகையின் சுருதியையும் சில வாரங்களிலேயே அவளைப்போல் அறிந்தவர் வேறொருவர் இல்லை. பிரசவத்துக்குப் பின் வரும் ஓயாத கவலையால் தூக்கமின்றித் தவிப்பவளும் இத்தகைய தாய்மாரில் இருப்பாள். அவளுக்கு வேண்டியது தனியாக ஒரு வைத்தியம், ஏளனம் அன்று. குழந்தையைப் பார்த்துவிட்டுப் பிறகு அவளையும் பார்ப்பதுதான் முறை. ‘இந்த அம்மா எப்பவுமே இப்படித்தான்’ என்று சிகிச்சைக் குறிப்பின் ஓரத்தில் மனத்தால் எழுதிவிட்டு, குழந்தையைப் பாராமல் விடுவதை எவ்வாறு பொறுப்பது?

இங்கிலாந்தைச் சேர்ந்த மார்த்தா மில்ஸ் என்ற சிறுமி, சைக்கிளிலிருந்து விழுந்து கணையத்தில் காயமுற்று, லண்டனில் பேர்பெற்ற ஆஸ்பத்திரி ஒன்றில் சிகிச்சை பெற்றுவந்தபோது, 2021ஆம் வருஷம், தன் பதினான்காவது பிறந்தநாளுக்குச் சில நாள் முன்பாக, செப்சிஸால் இறந்தாள். விடுமுறை நாட்களில் நிலைமை மோசமாகிவிடுமோ என்று தாய் முன்கூட்டியே வாய்விட்டுக் கேட்டிருந்தும், அவளுக்குக் கிடைத்தது ஆறுதல் வார்த்தையே. மார்த்தாவைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் காலத்தில் மாற்றியிருந்தால் பெரும்பாலும் பிழைத்திருப்பாள் என்று மரண விசாரணை அதிகாரி முடிவு கூறினார். பெற்றோர் விடாமல் போராடியதன் பலனாக, ‘மார்த்தா விதி’ என்ற ஏற்பாடு 2024 முதல் இங்கிலாந்தின் ஆஸ்பத்திரிகளில் அமலுக்கு வந்தது. நோயாளியின் நிலை மோசமாகிறது என்று குடும்பத்தார் கருதினால், அந்த வார்டைச் சேராத வேறொரு தீவிர சிகிச்சைக் குழு வந்து பார்க்கவேண்டும் என்று இரவு பகல் எந்நேரமும் அவர்கள் கேட்கலாம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்திலும், 2007இல் மாண்ட ரயன் என்ற சிறுவனின் பெயரால் இப்படி ஒரு விதி முன்பே உண்டு.

இந்த விதிகளில் எனக்குப் பிடித்த அம்சம், கேட்பவரின் மனத்தில் இருப்பது உள்ளுணர்வா வெறும் பயமா என்று அவரை நிறுத்தி வைத்து விசாரிப்பதில்லை என்பது. அதைக் கண்டறியும் பொறுப்பை, நாடி பிடிக்கவும் இரத்தம் எடுத்துப் பார்க்கவும் தெரிந்தவர்களே ஏற்றுக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டின் குழந்தைகள் வார்டுகளுக்கு இந்த ஏற்பாடு வரவேண்டும். ஒவ்வொரு கட்டிலருகிலும் தமிழில் எழுதிய ஓர் அறிவிப்பும், கூப்பிட்டால் இரவிலும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண்ணும், கூப்பிட்ட குற்றத்துக்காக வார்டில் யாரும் அந்தத் தாயைக் கடிந்துகொள்ளக்கூடாது என்ற உத்தரவும் போதும், தொடங்குவதற்கு. புறநோயாளிப் பிரிவில் இதற்கும் செலவில்லாத ஒரு காரியம் உண்டு: ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டுவதற்கு முன், ‘வழக்கமா வர்ற காய்ச்சலுக்கும் இதுக்கும் என்னம்மா வித்தியாசம் தெரியுது?’ என்று கேட்டு, அவள் சொல்லும் பதிலை அவள் சொன்ன வார்த்தைகளிலேயே சீட்டில் எழுதிக்கொள்வது.