மோட்டார் வாங்கப் போகுமுன்...



சென்ற பருவத்தில் எங்கள் வகுப்பில் ஐந்து பேர் சேர்ந்து தெர்மாகோலில் ஒரு மின்சாரக் குட்டி விமானம் செய்தோம். அது பறக்கவில்லை. மைதானத்துக்கே போகவில்லை என்பதுதான் உண்மை. ஒர்க்‌ஷாப் மேசையிலேயே சில விநாடிகளில் வார்னிஷ் வாடை அடித்து மோட்டார் கருகியது. பின்னாலேயே ஸ்பீடு கன்ட்ரோலரும் போய்ச் சேர்ந்தது. ஆளுக்கு முந்நூறு ரூபாய் நஷ்டம். என் அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். அந்த முந்நூறு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தப்பு எங்கே நடந்தது? கடையில் இரண்டு பிரஷ்லெஸ் மோட்டார்களைக் காட்டினார்கள். பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. ஒன்று 1000 கே.வி., மற்றது 2200 கே.வி. "இதுல பவர் ஜாஸ்தி தம்பி" என்றார் கடைக்காரர். நாங்களும் தலையாட்டினோம். மின்னியல் படிக்கிறவனுக்கு கே.வி. என்றால் கிலோவோல்ட், 11 கே.வி. லைன்தான் ஞாபகத்துக்கு வரும். இந்த கே.வி. வேறு. சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பதே இது. பவரைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. 3 செல் லித்தியம் பாலிமர் பேட்டரியின் 11.1 வோல்ட்டில் முதல் மோட்டார் சும்மா சுற்றினால் 11,100 சுற்று. இரண்டாவது 24,420.

அந்த வேகக்கார மோட்டாரில் போய் 10 அங்குல விட்டமும் 4.5 அங்குல பிட்சும் உள்ள புரொப்பெல்லரை மாட்டினோம். மிக்ஸி மோட்டாரில் சீலிங் ஃபேன் இறக்கையை மாட்டின கதைதான்! அதற்குப் பொருத்தமானது 6 அங்குலம், 3 பிட்ச். ஒரே வேகத்தில் சுற்றுவதானால் எங்கள் புரொப்பெல்லருக்கு அதைப்போல் பத்து மடங்குக்கு மேல் பவர் வேண்டும். மோட்டாரோ வேகத்தை எட்ட முடியாமல் ஆம்பியரை இழுத்துக்கொண்டே போகும். சுருளின் வெப்பம் ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று முதல் வருஷத்திலேயே படித்தோம். உதாரணத்துக்கு, 0.09 ஓம் சுருளில் 15 ஆம்பியர் ஓடினால் சுமார் 20 வாட் சூடு, 30 ஓடினால் 81 வாட். எலுமிச்சம்பழம் அளவு மோட்டார் எங்கே தாங்கும்?

வீட்டில் சொன்னேன். பள்ளிக்கூடம் போகாத என் அப்பா, "மாட்டுக்குத் தாங்காத பாரத்தை ஏத்திட்டு மாட்டை ஏன்டா திட்டுறீங்க?" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

என் கருத்து இதுதான்: நாம் தலைகீழாக வாங்குகிறோம். முதலில் மோட்டார், அப்புறம் கையில் கிடைத்த புரொப்பெல்லர். உண்மையில் விமானம் எவ்வளவு எடை, எவ்வளவு வேகம் போகணும் என்பதில் தொடங்க வேண்டும். அதற்கேற்ற புரொப்பெல்லர், அதைச் சுற்றுவதற்கேற்ற கே.வி., கடைசியில் ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலேயே தாங்கும் கன்ட்ரோலர்.

நிறைய காற்றை மெதுவாகத் தள்ளுவது லாபம், கொஞ்சம் காற்றை வேகமாகத் தள்ளுவது நஷ்டம். நின்ற இடத்தில் ஒரே உந்துவிசையைத் தர 6 அங்குலத்துக்கு 10 அங்குலத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் பவர் தேவை என்று கணக்கு வருகிறது. 1979-இல் பிரையன் ஆலன் என்பவர் காலால் பெடல் மிதித்தே 'காஸமர் ஆல்பட்ராஸ்' விமானத்தில் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டினார். சுமார் 35 கிலோமீட்டர், 2 மணி 49 நிமிடம். மனுஷன் கால் அவ்வளவு நேரம் தருவது அரைக் குதிரைத்திறன்கூட இல்லை. ஆளுயரத்தைவிடப் பெரிய புரொப்பெல்லர் மெதுவாகச் சுற்றியதால் அதுவே போதுமாக இருந்தது.

அதற்காக எல்லாவற்றுக்கும் பெரிசுதான் என்று சொல்ல வரவில்லை. 4.5 பிட்ச் 8,000 சுற்றில் மணிக்குச் சுமார் 55 கிலோமீட்டர் வேகத்துக்குத்தான் காற்றைத் தள்ளும். அதற்குமேல் பறக்கணும் என்றால் பிட்ச் கூட வேண்டும், இல்லை சுற்று கூட வேண்டும். ரேஸ் விடுகிறவர்களுக்கு 2200 கே.வி. சரிதான், பேட்டரி சீக்கிரம் தீருவதற்குத் தயார் என்றால்!

இந்தப் பருவம் 1000 கே.வி. மோட்டாரில் அதே புரொப்பெல்லரை மாட்டினோம். சீனியர் அண்ணன் ஒருவரிடம் வாட் மீட்டர் இரவல் வாங்கி அளந்தால், முழு வேகத்தில் 14 ஆம்பியர். தொட்டால் இளஞ்சூடு. விமானம் பறந்தது. இறக்கத்தான் இன்னும் வரவில்லை, மூக்கு இரண்டு தடவை உடைந்துவிட்டது.

சங்க நிர்வாகிகளே, ஆண்டு விழாவுக்குப் பூமாலை, பொன்னாடை என்று செலவு செய்கிறோம். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதில் கொஞ்சம் மிச்சம் பிடித்து ஒரு வாட் மீட்டர், உந்துவிசையை எடைபோட ஒரு டிஜிட்டல் தராசு, ஒரு நீள நோட்டு வாங்கி ஒர்க்‌ஷாப்பில் வையுங்கள். மோட்டார், புரொப்பெல்லர், ஆம்பியர், கிராம் நான்கையும் ஒவ்வொரு பேட்ச்சும் அதில் எழுதட்டும். எரிந்ததையும் எழுதணும். முதல் பக்கத்தில் எங்கள் கருகிய மோட்டாரின் கணக்கை நானே எழுதித் தருகிறேன்.